காலி என்று குறித்த கேசட்டுகள்

பாண்டீஸ்வரிக்கு இடது காது கேட்காமல் போனது அவள் புருஷனுக்கே பல மாதம் தெரியாது. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் குத்தகைக்குப் பார்க்கும் ஈஸ்வரபாண்டி, பக்கத்தில் நிற்பவனிடம்கூட அடுத்த தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான். அதனால் வீட்டில் விஷயம் வெளியே வரவில்லை. வேலை பார்க்கிற இடத்தில் வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த கவலை. அங்கே அவள் உட்கார்ந்து பார்த்தது காதால் செய்கிற வேலை.

அவள் பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் பாஸ் செய்தவள். கல்யாணம் ஆனதும் அந்தச் சர்டிபிகேட்டுகள் பீரோவின் அடியில் சேலைகளுக்குக் கீழே போய்விட்டன. மகள் அபிதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், திராட்சை பூவெடுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வெயில் முகமே காட்டவில்லை. செவட்டை நோய் விழுந்து கொத்துக் கொத்தாகக் கருகியது. அடுத்த காய்ப்பும் அப்படியே போனது. பழனிசெட்டிபட்டியில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டு, மறுநாளே பீரோவின் அடியில் கையை விட்டாள். அது 2003. அன்றிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

சிமெண்ட் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். நடத்தியவர் சூரியபிரகாஷ், தேனிக்காரர், சென்னையில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வெளிநாட்டில் இருந்த சங்கீத ரசிகர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு டேட்டாபேஸ் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய வித்வான்கள் பாடியதிலிருந்து பெயர் தெரியாத பாட்டு வாத்தியார்கள் கட்டியது வரை எல்லாப் பாட்டும் அதில் ஏற வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஊர் ஊராகப் பழைய கேசட்டுகள் பார்சலில் வந்து இறங்கும். சூரியபிரகாஷ் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பார். பெண்கள் கேட்டுக் கேட்டுப் பதிய வேண்டும். பாட்டின் முதல் வரி, இயற்றியவர், பாடியவர், அட்டையில் எழுதியிருந்தால் ராகம், தாளம், கடைசியாக ஒலி இருக்கிறதா, இல்லையா.

ஒரே கேசட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். ஒருத்தி தப்பு செய்தால் இன்னொருத்தி பதிந்தது காட்டிக்கொடுத்துவிடும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் சூரியபிரகாஷ் இரண்டு பேருக்கு ஒரு ஹெட்செட்தான் வாங்கிப் போட்டார். தலைக்கு மேலே வளைந்து போகும் பட்டையை நடுவில் அறுத்து, ஆளுக்கு ஒரு பாதியை நாடா வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். வலது பாதி பாண்டீஸ்வரிக்கு. இடது பாதி, அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த வடுகபட்டி முத்துலட்சுமிக்கு.

"சில கேசட்டு ஒரு பக்கந்தான் பாடும்," என்று முதல் நாளே சூரியபிரகாஷ் சொல்லிவைத்தார். "ஒருத்திக்குக் கேட்டு ஒருத்திக்குக் கேக்கலைன்னா எங்கிட்ட வாங்க. தனியா உக்காந்தா ரெண்டு பாதியையும் மாட்டிக்கங்க. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சார். பாட்டுக்குப் பாதிக் காது, சம்பளத்துக்குப் பாதிக் கையி," என்றாள் முத்துலட்சுமி. சூரியபிரகாஷே சிரித்துவிட்டார்.

ஆரம்பத்தில் பாண்டீஸ்வரி தன் பாதியை இடது காதில்தான் கட்டிக்கொண்டாள். அது அவளுக்கு வாகாக இருந்தது. காலை ஒன்பதுக்குக் கட்டினால் சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடும்போதுதான் கழற்றுவது. மின்விசிறி பாதி நேரம் ஓடாது. பஞ்சு உறை வேர்வையும் தலை எண்ணெயும் ஊறிக் கறுத்துப்போனது. இரண்டாம் வருஷம் காதுக்குள் தினவு எடுத்தது. பிறகு சீழ் வந்தது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு, பஞ்சை அடைத்து, முடியை இழுத்து மூடிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஒருநாள் அந்தக் காதில் எதுவுமே விழவில்லை. தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் போனாள். ஜவ்வு போய்விட்டது என்றார் டாக்டர். காதில் எதையும் மாட்டுகிற வேலை இனிமேல் கூடாது என்றார். சீட்டைக் கிழித்துப் பஸ் ஜன்னல் வழியாக விட்டுவிட்டு வந்தாள்.

அப்படி அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மூக்கம்மாள் என்றொருத்தி அவர்களோடு வேலை பார்த்தாள். விரல் மூட்டு வீங்கி, வேகம் குறைந்தது. "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா," என்று சூரியபிரகாஷ் நல்ல விதமாகத்தான் சொன்னார். திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கம்மாள் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனாள்.

பாண்டீஸ்வரி ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். நல்ல காதை அது அடைத்துக்கொள்ள, திறந்திருந்த காது செத்த காது. யார் என்ன கூப்பிட்டாலும் அவளுக்குத் தெரியாது. ஆபீஸில் அதற்கு நல்ல பெயர் கிடைத்தது.

"வேலைன்னு விழுந்துட்டா இந்தப் புள்ளைக்கு இடி விழுந்தாலும் கேக்காதுப்பா. எல்லாரும் பாத்துக் கத்துக்கங்க," என்பார் சூரியபிரகாஷ்.

முத்துலட்சுமிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "ஒங்க வீட்டு அண்ணன் குடுத்து வச்சவருதான்க்கா. என்ன வஞ்சாலும் ஒனக்குக் காதுல ஏறாது." பாண்டீஸ்வரி சிரித்துவைப்பாள். தானும் ஒரு வேடிக்கையாகவே இதை எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

முத்துலட்சுமியின் அம்மா பஞ்சம்மாள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது முத்துலட்சுமி ஒரு மஞ்சப்பையிலிருந்து மூன்று கேசட்டுகளை எடுத்து வைத்தாள்.

"சார்கிட்ட கேட்டுட்டேன்க்கா. ஊருல இருக்க டீச்சருக கட்டுன பாட்டும் சேத்துக்கலாம்னு வெளிநாட்டுக்காரவுக சொல்லிட்டாகளாம். எங்கம்மா ஆயுசுக்கும் அடுத்தவுக பாட்டைத்தான் சொல்லிக் குடுத்துச்சு. தானாக் கட்டுனத ஆடிச் சனிக்கு குச்சனூர் கோயில்ல மட்டுந்தான் பாடும். மைக்செட்டுக்காரரு பதிஞ்சு குடுத்தது இது."

"நீ கத்துக்கிரலையாடி?"

"நானா? பாட வாடின்னா கொல்லைக்கு ஓடிருவேன். வார்த்தையெல்லாம் அது கையால எழுதி வச்சிருக்கு. மெட்டு இதுக்குள்ளதான் கெடக்கு." கேசட்டைத் தட்டிக் காட்டினாள். "இதுல ஏத்திட்டோம்னா இனிமே அழியாதுல்லக்கா? உலகம் பூராம் கேக்கலாம்ல?"

"அழியாது," என்றாள் பாண்டீஸ்வரி.

அந்தக் கேசட்டுகள் வரிசையில் பின்னால் இருந்தன. அவற்றின் முறை வருவதற்குள் முத்துலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பெரியகுளம். பதினைந்து நாள் லீவு யார் கொடுப்பார்கள்? ஆனால் ஆபீஸில் அதற்கு ஒரு வழி இருந்தது. ஒருத்தி வராவிட்டால் அவள் பாஸ்வேர்டைப் போட்டு மற்றவளே இரண்டு முறையும் பதிந்துவிடுவாள். எல்லா ஜோடியும் இதைச் செய்தது. சூரியபிரகாஷ் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொள்வார், கணக்கு குறையாமல் போய்க்கொண்டிருக்கும் வரை.

"எங்கம்மா கேசட்டு வந்தா நல்லாக் கேட்டுப் போடுக்கா," என்று பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனாள் முத்துலட்சுமி. "நான் வந்து நெட்டுல தேடுவேன். வரணும்."

தனியாக உட்கார்ந்ததால் பாண்டீஸ்வரி இரண்டு பாதியையும் கட்டிக்கொண்டாள், வலது பாதி வலது காதில், இடது பாதி இடது காதில். சூரியபிரகாஷ் கடந்து போகும்போது பார்ப்பார் என்பதற்காகத்தான் அந்த இடது பாதி. காதில் தோடு கிடக்கிற மாதிரி அது கிடந்தது.

பஞ்சம்மாளின் முதல் கேசட்டை ஓட விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். வலது காதில் லேசான இரைச்சல் மட்டும். கேசட்டின் மறுபக்கப் பதிவைப் போட்டாள், அதே இரைச்சல். இரண்டாவது கேசட், மூன்றாவது கேசட், எல்லாம் அதுதான். பழைய கேசட்டுகளில் இது நடக்காதது இல்லை. பூஞ்சை பிடித்துப் போயிருக்கும், யாராவது அழித்திருப்பார்கள். வாரத்துக்கு நாலைந்து அப்படி வரும்.

ஆனால் திரையின் ஓரத்தில் பச்சைக் கோடுகள் எழும்பி எழும்பி இறங்கின. வெறும் இரைச்சலுக்கும் அவை கொஞ்சம் ஆடும். இது அந்த ஆட்டம் மாதிரி இல்லை. நின்று, ஏறி, ஒரு இடத்தில் நடுங்கி, இறங்கியது. ஒரு ஆள் மூச்சு வாங்கிப் பாடுகிற மாதிரி.

பாண்டீஸ்வரி விரலை எடுத்துவிட்டு அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் வரிசையில் ஆள் இருந்தது. எழுந்து போய், "இதுல சத்தம் வருதான்னு பாரேன்," என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால், வந்து மாட்டிப் பார்ப்பவள் என்ன சொல்வாள்? நல்லாக் கேக்குதே, ஒனக்குக் கேக்கலையா என்பாள். அது சூரியபிரகாஷ் காதுக்குப் போகும். அவர் நல்ல விதமாக ரெஸ்ட் எடுக்கச் சொல்வார். தூக்குவாளியோடு மூக்கம்மாள் நின்ற இடம் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அபிதாவுக்கு அந்த வருஷம்தான் சின்னமனூரில் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது.

இரண்டு பாதியையும் இடம் மாற்றிக் கட்டிப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. செத்த காதை மறைக்க அத்தனை நாள் பாடுபட்டவளுக்கு, அந்தப் பக்கம் ஒரு குரல் இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை.

அட்டையில் முத்துலட்சுமி அழகாக எழுதியிருந்தாள். அதைப் பார்த்து இயற்றியவர் பஞ்சம்மாள், பாடியவர் பஞ்சம்மாள், இடம் குச்சனூர் என்று பதிந்தாள். கடைசிக் கட்டத்தில் 'ஒலி இல்லை' என்று அடித்தாள். பிறகு முத்துலட்சுமியின் பாஸ்வேர்டைப் போட்டு அதையே இன்னொரு முறை அடித்தாள். இரண்டும் ஒத்துப்போயின. கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

ஒலி இல்லை என்று குறித்தவற்றைச் சூரியபிரகாஷ் ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவார், இடம் பற்றாது. கேசட்டுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மூலையில் வைப்பார். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். அந்தச் சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது பாண்டீஸ்வரிதான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தோட்டத்தில் காய் பிடித்திருந்தது. ஈஸ்வரபாண்டி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏத்தா, மைனாவும் கிளியும் கொத்தியே தீத்துரும் போலருக்கு. ஒங்க ஆபீசுல வீணாப்போன கேசட்டு கெடந்தாக் கொண்டா. நாடாவ உருவிக் கட்டிவிட்டா காத்துக்கு இரையும், ஒண்ணும் அண்டாது."

பஞ்சம்மாளின் மூன்றும் அந்தப் பெட்டியில் இருந்தன. முத்துலட்சுமிக்கு என்று அவற்றை எடுத்து வைப்போமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். எடுத்து வைத்தால், அவள் வீட்டில் போட்டுப் பார்ப்பாள். ஒரு சத்தமும் வராது, அழுவாள். அந்தக் கஷ்டம் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பச்சைக் கோடு நடுங்கியது நினைவுக்கு வந்தது. பெட்டியை மூடிவிட்டாள்.

முத்துலட்சுமி புதுத் தாலி மஞ்சளோடு, எல்லாருக்கும் லட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இணையத்தில் அம்மா பெயரை அடித்தாள். வந்தது. வடுகபட்டி பஞ்சம்மாள், குச்சனூர், ஆடிச் சனி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'ஒலி இல்லை'. கீழே, பதிந்தவர் பாண்டீஸ்வரி. சரிபார்த்தவர் முத்துலட்சுமி.

அவள் முந்தானையை இழுத்தாள். "அக்கா, என்னக்கா இது?"

"வரலடி. மூணுலயும் ஒண்ணுமே இல்ல. பழைய கேசட்டு, பூஞ்சக் காளான் புடிச்சிருக்கும்."

"இங்கன கொண்டாரதுக்கு மொத நா ராத்திரி போட்டுக் கேட்டேனேக்கா. நல்லாத்தான் பாடுச்சு. எங்க டேப்ரிக்கார்டுல எடது ஸ்பீக்கர்ல மட்டுந்தான் வரும். மைக்செட்டுக்காரரு அப்படித்தான் பதிஞ்சிருக்காரு. ஆனா கணீர்னு…"

முத்துலட்சுமி நிறுத்தினாள். தன் கையில் இருந்த இடது பாதியைப் பார்த்தாள். "ரெண்டையும் மாட்டித்தானக்கா கேட்ட?"

"மாட்டித்தான்டி கேட்டேன்."

அது பொய்யில்லை. பாண்டீஸ்வரி திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, வலது காதில் தன் பாதியைக் கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ நிழல் ஆடியது போலிருக்கத் திரும்பினாள். முத்துலட்சுமி அவள் இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகச் சொடுக்கினாளோ தெரியாது. அவள் கண் கலங்கவில்லை. முகத்தில் இருந்த கல்யாணக் களை மட்டும் போய்விட்டது.

"கேசட்டு எங்க?" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஓடைப்பட்டிக்குப் போனார்கள். தோட்டத்தில் ஈஸ்வரபாண்டி மருந்தடித்துவிட்டுக் கையெல்லாம் நீலமாக நின்றான். பந்தலுக்கு மேலே கல்தூணுக்குக் கல்தூண் நாடாக்கள் இழுத்துக் கட்டியிருந்தன. இறங்கு வெயிலில் நூறு இடத்தில் மின்னின. காற்று அடிக்கும்போதெல்லாம் முழுத் தோட்டமும் விர்ரென்று இரைந்தது.

"வா தங்கச்சி, வா. கல்யாணத்துக்கு வர முடியல, கோவிச்சுக்காத," என்று ஈஸ்வரபாண்டி கத்தினான். "ஒங்க ஆபீசு நாடாதான் இது. என்னமா இரையுதுங்கற! ஒரு மைனா இறங்கலயே."

முத்துலட்சுமி பந்தலைச் சுற்றி நடந்தாள். பெட்டியில் இருந்த கேசட்டுகள் எல்லாவற்றின் நாடாவும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருந்தது. எல்லாம் ஒரே பழுப்பு நிறம். எல்லாம் மருந்துத் துளி பட்டு நீலப் புள்ளி விழுந்து, வெயிலில் முறுகிக் கிடந்தன.

"இதுல எது எங்கம்மா?" என்றாள்.

ஈஸ்வரபாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

கையெட்டிய நாடாவை அறுத்து, முழங்கையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள் முத்துலட்சுமி. வெற்றுக் கேசட்டில் சுற்றி வீட்டில் ஓட்டிப் பார்த்ததில் ஏதோ ஒரு கட்சிக் கூட்டப் பேச்சு கொரகொரவென்று வந்ததாம். இன்னொரு துண்டு ஓடும்போதே அறுந்துவிட்டதாம். மறுநாள் ஆபீஸில் அதை அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பாண்டீஸ்வரி அவள் காலைப் பிடிக்கக் குனிந்தபோது ஒதுங்கிக்கொண்டாள்.

சூரியபிரகாஷிடம் அவள் போகவில்லை. போயிருந்தால், அதுவரை தெரியாத மாதிரி இருந்தவரும், சரிபார்த்தவர் என்று உன் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பாஸ்வேர்டைக் கொடுத்ததற்கு இரண்டு பேரும்தான் படியிறங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில், வேலைக்குப் போகிற மருமகள் என்று சொல்லித்தான் பெண் எடுத்திருந்தார்கள். பாண்டீஸ்வரியின் நாற்காலி அப்படித்தான் நிலைத்தது.

அதற்குப் பிறகும் அவர்கள் அதே ஜோடிதான். 2008 வரைக்கும், அந்த வேலை முடிந்து ஆபீஸை மூடுகிற வரைக்கும், முத்துலட்சுமி அவளுக்கு இடப்பக்கமே உட்கார்ந்தாள். முந்தானையை இழுப்பதை மட்டும் விட்டுவிட்டாள். ஆனால் அவள் பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குகிற இடைவெளியில், திரை கறுக்கும்போது, அந்தக் கண்ணாடியில் முத்துலட்சுமியின் வாய் அசைவது பாண்டீஸ்வரிக்குத் தெரியும். முகம் அவள் பக்கம் திரும்பியிருக்கும். திட்டுகிறாளா, அம்மாவின் பாட்டில் ஒரு வரியை நினைவுபடுத்திப் பார்க்கிறாளா, தெரியாது. திரும்பிக் கேட்டால் சொல்வாளோ என்னவோ. பாண்டீஸ்வரி ஒருநாளும் திரும்பவில்லை.

"பாத்தீகளா, இடி விழுந்தாலும் கேக்காது," என்று சூரியபிரகாஷ் புதிதாக வந்த பெண்களிடம் சொல்லிக்கொண்டு போவார்.

அப்போது அவளுக்கு வலது காதிலும் தினவு எடுக்கத் தொடங்கியிருந்தது. பஞ்சு உறையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த கேசட்டை ஓட விட்டாள்.